ஏரோப்பிளேன் வைக்கிறதா இருந்தா வாலை ரோட்டுப் பக்கம் திருப்பி வைங்க

ஐயாமார்களே, அம்மாமார்களே, எல்லாத்துக்கும் வணக்கமுங்க.

இந்த லெட்டரை யார் பேருக்கு எழுதறதுன்னே எனக்குப் புடிபடல. சேலத்துல ஒரு ரவுண்டானாலயோ பார்க்லயோ பழைய போர் விமானம் ஒண்ணு கொண்டாந்து நிறுத்தணும்னா அது கலெக்டர் ஆபீஸ் வேலையா, மாநகராட்சி வேலையா, டெல்லில விமானப்படைத் தலைமையகம் கையெழுத்து போடற வேலையா, அதெல்லாம் எனக்கு எங்க தெரியும், நான் ரிப்பேர் வேலை பாத்தவன். அதனால மூணு எடத்துக்கும் சேர்த்தே எழுதறேன், யார் மேஜைக்கு ஃபைல் வருதோ அவங்க படிச்சா போதும். ஃபைலே இன்னும் இல்லைன்னாலும் பரவால்ல, இந்த லெட்டரையே மொத காகிதமா வச்சு ஒண்ணு தொறந்துடுங்க.

காலைல வாக்கிங் போற எடத்துல, டீக்கடைல, ரிட்டயர் ஆனவங்க நாலு பேர் சேர்ந்தா இந்தப் பேச்சு வந்துடுது. சென்னை, கோயம்புத்தூர், ஓசூர், திருச்சியோட சேலமும் ராணுவத் தொழில் வழித்தடத்துல ஒரு ஊருன்னு 2019ல ஆரம்பிச்சு வச்சாங்களே, அப்போ நம்ம ஊருக்கும் ஒரு பிளேன் வேணாமாங்கிறது எங்க கட்சி. பேசறவங்க எல்லாருமே ஃபைட்டர்தான் கேக்கறாங்க. மிக்-21 வைக்கணும், மூக்கை வானத்துக்குத் தூக்கி, கான்கிரீட் தூண் மேல, கீழ கலர் லைட் போட்டு, செல்ஃபி பாயிண்ட். நான் ஒருத்தன்தான் எதிர்க்கட்சி. எனக்கு பாம்பர் வேணும். குண்டு போடற விமானம். அதுலயும் பிரிட்டிஷ்காரன் டிசைன் பண்ண கான்பெரா ஜெட்.

ஏன்னு கேட்டா, 1974ல தாம்பரத்துல விமானப்படைக்கு செலக்ஷன் ஆகி, பெங்களூர் ஜாலஹள்ளில ரேடார் ஃபிட்டர் ட்ரேடு படிச்சு, மொத போஸ்டிங்கே ஆக்ராவுல கான்பெராகிட்டதான் விழுந்தேன். அம்மாபேட்டைல தறிச் சத்தத்துல வளந்த பையன், அதுவரைக்கும் பிளேன்னா வானத்துல போற வெள்ளைக் கோடுதான். பக்கத்துல போய் நின்னப்போ மொத ஞாபகம் என்ன தெரியுங்களா, வாசனை. அதோட ஆவான் இன்ஜினைக் கிளப்பறதுக்கு துப்பாக்கித் தோட்டா மாதிரி பெரிய கார்ட்ரிட்ஜ் ஒண்ணு உள்ள வச்சு வெடிக்க வைப்பாங்க, 'டொம்'முனு ஒரு சத்தம், இன்ஜின் பக்கத்துல இருந்து கருகருன்னு புகை பீறிட்டு வரும், அப்புறம் மெதுவா ஒரு ஊளை ஆரம்பிச்சு ஏறிட்டே போகும். அந்தப் புகை நாத்தம் அசல் தீபாவளி அன்னிக்கு விடியக்காலைல நம்ம தெரு நாறுமே அதேதான். வருசம் முழுக்க தீபாவளியான்னு நான் தமிழ்ல முனகினது பக்கத்துல இருந்த பஞ்சாபிக்காரனுக்குப் புரியல, ஆனா சிரிச்சான்.

என் வேலை இருந்தது வால்ல. இதைத்தான் சொல்ல வந்தேன்.

கான்பெரால எங்க மாடல் பி-ஐ-58. அதுல பின்னாடி பாத்துச் சுடற துப்பாக்கி கிடையாது. கீழ வயித்துல நாலு 20 மில்லிமீட்டர் பீரங்கி மாட்டலாம், ஆனா அது முன்னாடிதான் சுடும். பின்னாடி இருந்து எவனாச்சும் வந்தா? அதுக்குத்தான் வால் நுனில ஒரு சின்ன ரேடார். பேரு ஆரஞ்ச் புட்டர். பிரிட்டிஷ்காரன் தன்னோட ரகசிய சாமானுக்கெல்லாம் கலர் பேரு வைப்பான், எங்க ஆளுங்க அதை ஆரஞ்சு பட்டர்னு சொல்லி பிரெட்டுல தடவலாமான்னு கிண்டல் பண்ணுவாங்க. பின்பக்கம் அலையை அனுப்பும், ஏதாச்சும் பட்டுத் திரும்பி வந்தா உள்ள இருக்கறவங்களை உசார் பண்ணும், அவ்வளவுதான். வால்வு காலத்து செட்டு. ஆக்ரா வெயில்ல மே மாசம் விமானத்து மேல் தகட்டுல முழங்கை பட்டா தோல் அங்கயே ஒட்டிக்கும், அந்தச் சூட்டுல வால் மூடியைக் கழட்டி வச்சுட்டு தலையை உள்ள விட்டு ஸ்க்ரூ டிரைவரோட நான் நின்ன நேரத்தைக் கூட்டினா என் பொண்டாட்டி பக்கத்துல உக்காந்த நேரத்தை விட ஜாஸ்தி வரும், அவளே சொல்லியிருக்கா.

பாம்பர்ங்கிறது பெரிய உருப்படி, நிறைய சுமக்கும், நேரா போகணும், குண்டு போடற அந்த நேரத்துல இப்படி அப்படி திரும்பக் கூடாது. ஃபைட்டர் மாதிரி குட்டிக்கரணம் அடிக்க முடியாது. அப்போ அது எப்படி உயிரோட வீடு திரும்பறது? இந்த ஒரே கேள்விக்கு உலகம் முழுக்க மண்டையை உடைச்சு எத்தனை விதமா பதில் கண்டுபுடிச்சாங்கங்கிறதுதான் என்னை இன்னிக்கும் தூங்க விடாம யூடியூப் பாக்க வைக்குது.

மொத பதில் துப்பாக்கி. இரண்டாம் உலகப் போர்ல அமெரிக்காக்காரன் பி-17 பாம்பரோட கடைசி மாடல்ல 13 துப்பாக்கி வச்சான், முன்னாடி பின்னாடி மேல கீழ, முள்ளம்பன்னி மாதிரி. கூட்டமா போனா எவனும் கிட்ட வர முடியாதுன்னு கணக்கு. 1943 ஆகஸ்ட் 17ல ஜெர்மனிக்குள்ள ஸ்வைன்ஃபர்ட்டுக்கும் ரெகன்ஸ்பர்க்குக்கும் போனாங்க, ஒரே நாள்ல 60 விமானம் திரும்பல. அக்டோபர் 14ல மறுபடி ஸ்வைன்ஃபர்ட், மறுபடி 60. ஒவ்வொண்ணுலயும் பத்துப் பேரு, பெருக்கிப் பாருங்க. கணக்கு தப்புன்னு புரிஞ்சு, கூடவே தொலைதூரம் வர்ற ஃபைட்டர் துணைக்கு வந்த அப்புறம்தான் நிலைமை மாறுச்சு.

நம்மகிட்டயும் அந்த மாதிரி முள்ளம்பன்னி இருந்துச்சுங்க, நிறைய பேருக்குத் தெரியாது. போர் முடிஞ்சு பிரிட்டிஷ்காரங்க கான்பூர்ல பி-24 லிபரேட்டர் பாம்பர் விமானங்களை யாரும் பறக்க விடக் கூடாதுன்னே உடைச்சு சேதப்படுத்திக் குப்பை மாதிரி விட்டுட்டுப் போயிட்டாங்க. 1948ல பெங்களூர் விமானத் தொழிற்சாலை எச்ஏஎல் ஆளுங்க போய் அந்தக் குப்பைல இருந்து பொறுக்கி ஒப்பேத்தி, பெங்களூருக்குப் பறக்க வச்சே கொண்டாந்து, சரி பண்ணி விமானப்படைக்குக் கொடுத்தாங்க. நாற்பது விமானத்துக்குப் பக்கம். 1968 வரைக்கும் ஓடுச்சு. லண்டன் ஹெண்டன் மியூசியத்துல இப்போ நிக்கிற லிபரேட்டரே நம்ம விமானப்படை கொடுத்ததுதான், உடைச்சுப் போட்டவன் ஊருக்கே போய் நிக்குது. ஆக்ரி கடைல பிஸ்டன் பொறுக்கி மோட்டாரை ஓட வைக்கிற நம்ம ஊர் மெக்கானிக்குங்களுக்கு இந்தக் கதையைச் சொன்னா நெஞ்சு நிமிரும்.

அடுத்தது காகிதம். ஆமாங்க, வெள்ளிக் காகிதம். ஜெர்மன்காரனோட வுர்ட்ஸ்பர்க் ரேடார் அலை நீளம் சுமார் 53 சென்டிமீட்டர். அதுல பாதி, 27 சென்டிமீட்டர் நீளத்துக்கு அலுமினியம் தகடு ஒட்டின காகிதப் பட்டையை வெட்டி கட்டு கட்டா வானத்துல வீசினா, ஒவ்வொரு கட்டும் அந்த ரேடாருக்கு ஒரு விமானம் மாதிரி தெரியும். திரை முழுக்க விமானம், எது நிஜம்னு தெரியாம ஆபரேட்டருக்குக் கிறுகிறுத்துப் போகும். இதுல எனக்கு ரொம்பப் புடிச்ச சங்கதி, பிரிட்டிஷ்காரன் இதைக் கண்டுபுடிச்சுட்டு பயந்துட்டு உள்ளயே வச்சிருந்தான், நாம வீசினா அவன் எடுத்துப் பாத்து நம்ம மேலயே வீசுவானேன்னு. அதே நேரம் ஜெர்மன்காரனும் தனியா அதையே கண்டுபுடிச்சு அதே பயத்துல பீரோவுல பூட்டி வச்சிருந்தான். செவ்வாய்ப்பேட்டைல எதிரெதிர் பட்டறைக்காரங்க ஒரே கொலுசு டிசைனை வரைஞ்சு வச்சுகிட்டு, ஷோகேஸ்ல வச்சா எதிராளி காப்பி அடிச்சுருவான்னு ரெண்டு பேரும் ஒளிச்சு வச்ச மாதிரி. கடைசில 1943 ஜூலை 24 ராத்திரி ஹாம்பர்க் மேல பிரிட்டிஷ்காரன் மொதல்ல வீசினான்.

இங்க ஒரு நிமிசம் நிறுத்திக்கறேன். அந்த வாரம் ஹாம்பர்க்ல தீப்புயல் வந்து பல்லாயிரம் பேரு செத்தாங்க, சனங்க, குழந்தைங்க. என் வீட்டுக்காரி ஒரு தடவை கேட்டா, ஏனுங்க, ஊரைக் கொளுத்தற வண்டி மேல உங்களுக்கு என்னங்க அப்படி ஒரு பாசம்னு. தறிக்காரர் வீட்டுப் பொண்ணு, பாவு அறுந்தாலே வருத்தப்படறவ. எனக்கு அன்னிக்கு பதில் சொல்லத் தெரியல, இன்னிக்கும் முழுசாத் தெரியல. குண்டு மேல எனக்குப் பாசம் இல்ல, நான் குண்டு பக்கமே வேலை பாத்ததில்ல, உள்ள போன ரெண்டு பசங்க பத்திரமா திரும்பி வரணும், அதுக்கு வால்ல ஒரு செட்டு வேலை செய்யணும், அது என் கைல இருந்துச்சு, இவ்வளவுதான் சொன்னேன். அவ சரின்னும் சொல்லல இல்லைன்னும் சொல்லல, காபி கொடுத்தா.

சரி, வாலுக்கு வர்றேன். எங்க செக்ஷன்ல ஒரு வாரண்ட் ஆபீசர் இருந்தாரு, மலையாளி, எங்களுக்கு அண்ணன் மாதிரி. அவர்தான் மோனிக்கா கதையைச் சொன்னாரு. பொம்பளை பேருன்னதும் நாங்க எல்லாம் கிட்ட நகர்ந்து உக்காந்தோம். மோனிக்கான்னா இரண்டாம் உலகப் போர்ல பிரிட்டிஷ் பாம்பர் வால்ல வச்ச ரேடார், எங்க ஆரஞ்ச் புட்டருக்கு மூத்தக்கா. ராத்திரி பின்னாடி எவனாச்சும் வந்தா பீப் பீப்புன்னு சத்தம் கொடுக்கும். எல்லாரும் சந்தோசமா மாட்டிகிட்டுப் பறந்தாங்க. ஆனா ரேடார்ன்னா அலையை அனுப்பணுமில்ல? ஜெர்மன்காரன் ஃப்ளென்ஸ்பர்க்னு ஒரு பெட்டி செஞ்சான், அது எதையும் அனுப்பாது, சும்மா மோனிக்கா அனுப்பற அலையைக் காது கொடுத்துக் கேட்டுகிட்டே, எங்க இருந்து வருதோ அங்க நேரா கூட்டிட்டுப் போயிடும். காவலுக்கு கட்டின நாய் கொரைக்கிற சத்தத்தை வச்சே திருடன் வீட்டைக் கண்டுபுடிச்ச கதை. பிரிட்டிஷ்காரனுக்கு இது எப்படித் தெரிய வந்துச்சுன்னா, 1944 ஜூலை 13ல ஒரு ஜெர்மன் ஜூ-88 விமானம் திசை மாறி, நம்ம ஊர்ன்னு நினைச்சு இங்கிலாந்துல உட்பிரிட்ஜ் ரன்வேல ஜம்முன்னு வந்து எறங்கிருச்சு! பிரிச்சுப் பாத்தா உள்ள ஃப்ளென்ஸ்பர்க். அப்புறம் மோனிக்காவைக் கழட்டச் சொல்லி உத்தரவு.

கதையைக் கேட்டுட்டு நான் கேட்டேன், சார், அப்போ நம்ம செட்டும் அலையை அனுப்பத்தானே செய்யுதுன்னு. அவர் கண்ணாடியைக் கழட்டித் தொடச்சுகிட்டே சொன்னாரு, அதனாலதாண்டா அதுல ஆஃப் சுவிட்சும் இருக்கு, ஆன் சுவிட்ச் வேலை செய்யுதான்னு எல்லாரும் பாக்கறான், நீ ஆஃப் ஆனா நிஜமாவே ஆஃப் ஆகுதான்னும் பாருன்னு. அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவையும் ரெண்டையும் பாத்தேன். ரிட்டயர் ஆகி இத்தனை வருசம் கழிச்சு வீட்டுல கேஸ் ரெகுலேட்டரைக் கூட அப்படித்தான் பாக்கறேன், பசங்க சிரிக்குதுங்க.

இன்னொண்ணு, பி-ஐ-58 உள்ள யாரு எங்க உக்காருவாங்கன்னு உங்க போர்டுல கண்டிப்பா எழுதணும். பைலட்டுக்கு மேல கண்ணாடிக் கூண்டு, இடது பக்கமா ஒதுங்கி இருக்கும், எஜெக்ஷன் சீட்டு உண்டு, இழுத்தா வெளிய தூக்கி எறிஞ்சுரும். நேவிகேட்டர் கீழ, மூக்குக்குள்ள, குண்டு போடற நேரம் குப்புறப் படுத்துகிட்டு. அவருக்கு எஜெக்ஷன் சீட்டு கிடையாது. ஏதாச்சும் ஆனா பாராசூட்டோட பக்கவாட்டு கதவு வழியா தானா குதிக்கணும். ஒரே விமானம், ரெண்டு பேரு, ஒருத்தருக்கு மட்டும் அந்த சீட்டு. 1965 செப்டம்பர் 21 ராத்திரி நம்ம கான்பெரா ஒண்ண பாகிஸ்தானோட எஃப்-104 ஃபைட்டர் பின்னாடி வந்து சைட்வைண்டர் ஏவுகணையால அடிச்சுது. பைலட் வெளிய வந்து கைதியா புடிபட்டார். நேவிகேட்டர் போயிட்டார். நான் சேர்றதுக்கு ஒன்பது வருசம் முன்னாடி நடந்தது, ஆனா அந்தப் பக்கவாட்டு கதவைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அந்த அகலத்தை கண்ணாலயே அளப்பேன், பாராசூட் மாட்டின ஆளு எப்படித்தான் பூந்து வெளிய வர்றதுன்னு.

ஏவுகணை சூட்டைத் தேடி வர்ற காலம் வந்ததும் வால் துப்பாக்கிக்கு மவுசு போச்சு. அமெரிக்காவோட பி-52 பாம்பருக்கு வால் துப்பாக்கிக்குன்னே ஒரு ஆளு இருப்பாரு, 1972 டிசம்பர்ல வியட்நாம்ல ஹனாய் பக்கம் பதினோரு நாள் குண்டு போட்டப்போ ரெண்டு மிக்-21ஐ சுட்டதா அமெரிக்காக்காரன் கணக்குல இருக்கு, ஆனா அதே பதினோரு நாள்ல தரையில இருந்து வந்த ஏவுகணைக்கு 15 பி-52 பலி. துப்பாக்கிக்காரர் என்ன செய்வாரு பாவம். 1991ல அந்த வேலையையே எடுத்துட்டாங்க. இப்போ எல்லாம் சூட்டுக்குப் பதில் சூடு, மெக்னீசியம் கலந்த ஃப்ளேரை எறிவாங்க, அது இன்ஜினை விட சூடா எரியும், ஏவுகணை அதுக்குப் பின்னாடி ஓடிரும். நம்ம ஜாகீர் அம்மாபாளையம் பக்கம் வெள்ளைக்கல் தோண்டறாங்களே மாக்னசைட், அதுக்குள்ளயும் இருக்கறது மெக்னீசியம்தான், ஆனா அது போறது உருக்காலைல உலைக்கு செங்கல் செய்ய, இதுக்கு இல்ல, யாரும் பெருமை பேச ஆரம்பிச்சுடாதீங்க.

எந்தச் சாமானும் வேணாம்னு தாழப் பறக்கறதும் ஒரு தற்காப்புதான். ஏற்காடு பஸ்ல போனவங்களுக்கு இதை நான் விளக்கவே வேணாம், 20 கொண்டை ஊசி வளைவு, ஒரு வளைவுல போன் பேசிட்டே இருப்பீங்க, அடுத்த வளைவுல மலை குறுக்க வந்துரும், சிக்னல் டொப்புன்னு போயிரும். ரேடாருக்கும் அதே கதைதான், மலைக்கு அந்தப் பக்கம் இருக்கறது தெரியாது. சேர்வராயன் கோயில் நிக்கிற 5,300 அடி உச்சிக்கு மேல பறந்தா சுத்துப்பட்டுல இருக்கற எல்லாரும் பாப்பான், பள்ளத்தாக்குக்குள்ள பூந்து போனா பக்கத்துல வந்த அப்புறம்தான் தெரியும்.

போன மாசம் பேத்தியைக் கூட்டிட்டு ஏற்காடு லேடீஸ் சீட் போயிருந்தேன். கீழ காமலாபுரம் ஏர்போர்ட் பக்கம் சின்ன ஏடிஆர் விமானம் ஒண்ணு எறங்கறதுக்குத் தாழ்ந்து போச்சு. அவ கேட்டா, தாத்தா, டிரைவர் முன்னாடி பாக்கறாரு, பின்னாடி யாரு பாப்பாங்கன்னு. ஆறு வயசு. எனக்கு அப்படியே புல்லரிச்சுப் போச்சுங்க, இருபது வருச சர்வீஸை ஒரே வாக்கியத்துல கேட்டுட்டா. அன்னிக்கு ராத்திரியே இந்த லெட்டரை எழுத உக்காந்தேன்.

ஒரு ஊர்ல, பேர் வேணாம், தூண் மேல நிறுத்தின விமானம் ஒண்ணு பாத்தேன். மூக்கு வானத்தைப் பாத்துகிட்டு கம்பீரமாத்தான் இருந்துச்சு. பின்னாடி போய் பாத்தா வால் நுனி ஓட்டைல புறா குடும்பம் நடத்துது, எச்சம் வழிஞ்சு ரெண்டு பக்கமும் வெள்ளைக் கோடு, மேல பூசின சில்வர் பெயிண்ட் செதில் செதிலா உதிருது. போர்டுல 'போர் விமானம்'னு மட்டும் எழுதியிருக்கு. என்ன மாடல், எந்த வருசம், யாரு பறந்தாங்க, ஒண்ணும் இல்ல. கேட்ல நின்ன வாட்ச்மேன் கிட்ட கேட்டேன், பாகிஸ்தான் கிட்ட புடிச்சதுங்கனு சொன்னாரு. அவரைச் சொல்லி என்ன பண்றது.

அதனால கேக்கறேன். விமானப்படைகிட்ட எழுதிக் கேளுங்க, கான்பெரா ஏதாச்சும் ஒண்ணு மிச்சம் இருக்கான்னு. 1957ல இருந்து 2007 வரைக்கும் அம்பது வருசம் ஓடின வண்டி, காங்கோவுக்கு ஐநா படையோட போச்சு, கோவா விடுதலைல டபோலிம் ரன்வேயை அடிச்சுது, 71ல கராச்சி எண்ணெய் டேங்கைக் கொளுத்திச்சு. கார்கில்ல 1999 மே 21ல போட்டோ எடுக்கப் போன கான்பெரா, ஓட்டினது நம்ம தமிழ் ஆளு ஸ்குவாட்ரன் லீடர் பெருமாள், ஒரு பக்க இன்ஜின்ல ஏவுகணை அடிச்சும் மிச்ச ஒத்தை இன்ஜினோட ஸ்ரீநகர்ல கொண்டாந்து எறக்கிட்டாங்க. டிவில அந்த நியூஸ் வந்தப்போ தட்டுவடை செட்டைக் கைல வச்சுகிட்டு கடைக்காரர் கிட்ட நான் கத்தின கத்துல அவர் மறுபடி மிளகா சட்னி கேக்கறேன்னு நினைச்சு ஊத்திட்டாரு. ரெண்டு இன்ஜினும் றெக்கைல ஒண்ணுக்கொண்ணு தள்ளித் தள்ளி இருக்கறதாலதான் ஒண்ணு போனாலும் இன்னொண்ணு பொழைச்சுதுன்னு என் அபிப்பிராயம்.

கிடைச்சா தூண் மேல ஏத்தாதீங்க. தரைல நிறுத்துங்க, மேல ஒரு தகரக் கொட்டாய் போடுங்க, வாலை ரோட்டுப் பக்கம் திருப்புங்க, பஸ்ல போற பசங்களுக்கு மொதல்ல வால் தெரியட்டும். பக்கவாட்டு கதவைத் தொறந்து கண்ணாடி போட்டு வைங்க, நேவிகேட்டர் எந்த சந்துல பூந்து போனாருன்னு எட்டிப் பாக்கட்டும். 27 சென்டிமீட்டருக்கு ஒரு அலுமினியப் பட்டையை வெட்டிப் பக்கத்துல தொங்க விடுங்க, அதுக்கு ஒரு அஞ்சு ரூபா கூட ஆகாது. நம்ம ஏற்காட்டு பாக்சைட்டை மேட்டூருக்கு கொண்டு போய் அலுமினியமா உருக்கின ஊருங்க இது, பட்டைக்குப் பஞ்சமா. போர்டு தமிழ்ல இருக்கட்டும், அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு தடவை காட்டுங்க.

முழு விமானம் கிடைக்கலைன்னா வால் மட்டும் கிடைக்குமான்னு கேளுங்க. எனக்கு அது போதும். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நானே டிவிஎஸ் எக்ஸல்ல வந்து தொடைச்சு வைக்கறேன், துணி, மண்ணெண்ணெய் என் செலவு, சம்பளம் வேணாம். புறா பூந்துக்காம இருக்க வலை ஒண்ணு மட்டும் நீங்க வாங்கிக் கொடுத்துடுங்க.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சார்ஜென்ட், ரேடார் ஃபிட்டர்,
அம்மாபேட்டை, சேலம்.